ஆக்ஸிலேட்டரை விட்டால் ஆஃப் ஆகும் வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பல வருடம் பாடம் எடுத்தவன் நான். இப்போது மாலை வேளைகளில் நண்பர் ஒருவரின் பட்டறையில் உட்காருகிறேன். அங்கே வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் இது: வண்டி ஓடும்போது நன்றாக ஓடுகிறது, காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது, அதுவும் எப்போதாவதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பெரும்பகுதி பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களைப் பற்றியது. கேஸ், டீசல், ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது.

வண்டி நல்லா ஓடுது சார். சிக்னல் வருதேன்னு காலை எடுத்து உருள விட்டா ஆஃப் ஆயிடுது. தினமும் இல்ல, வாரத்துல ரெண்டு தடவை. இது என்ன வியாதி?

ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜினுக்குக் காற்று போகும் வாசலான திராட்டில் பாடிக்குள் இருக்கும் பட்டர்ஃப்ளை தகடு மூடிக்கொள்கிறது. கியரில் உருளும்வரை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும்; அப்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றவைக்கிறது. ஆர்.பி.எம். இறங்கி 1000, 1500 வாக்கில் வந்ததும், அல்லது நீங்கள் கிளட்சை மிதித்ததும், கம்ப்யூட்டர் திரும்பப் பெட்ரோலைத் தெளிக்க வேண்டும், மூடிய தகட்டைச் சுற்றி அளவாகக் காற்றை விட வேண்டும், 700 முதல் 900 வரையிலான ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) இன்ஜினைப் பிடித்து நிறுத்த வேண்டும். படி இறங்குகிறவர் கடைசிப் படியில் கால் ஊன்றுவது போன்ற நேரம் அது. காற்று கொஞ்சம் குறைந்தாலும், பெட்ரோல் கொஞ்சம் தாமதித்தாலும் ஊன்றல் தவறி இன்ஜின் அணைந்துவிடும்.

ஓடும்போது தெரியாததற்கும் இதுதான் காரணம். 2500 ஆர்.பி.எம்.மில் இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் தாராளமாகப் போகும். சின்னக் குறையை அது விழுங்கிவிடும். ஐடிலிங்கில் விழுங்க இடமில்லை. எப்போதாவது மட்டும் நிற்பதற்குக் காரணம், ஒரு சின்னக் குறையோடு ஏசி, பிரேக், வெயில் மாதிரி இன்னொன்றும் சேர வேண்டியிருக்கிறது.

போன மாசம்தான் புது வண்டி எடுத்தோம். நிக்கிறதுக்கு முன்னாடியே இன்ஜின் சத்தம் போயிடுது, அப்புறம் தானா வந்துடுது. கம்ப்ளைன்ட்டா?

பெரும்பாலும் இல்லை. பல புது வண்டிகளில் நின்றதும் இன்ஜினைத் தானே நிறுத்தி, கிளட்சை மிதித்ததும் கிளப்பும் வசதி இருக்கிறது. டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஏ' எழுத்து எரிந்தால் அதுதான். இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்றவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் மாடல்களில் உருளும்போதே இன்ஜின் அணைந்து மோட்டாரில் ஓடும். அது வடிவமைப்பே அப்படித்தான். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்து, நீங்கள் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஓடிக்கிட்டிருக்கும்போது நின்னுட்டா நான் என்ன பண்ணணும்? பிரேக் பிடிக்குமா?

பிடிக்கும். மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டரில் சேமித்த வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) இரண்டு மூன்று மிதிகளுக்குத் தாங்கும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். வேக்கம் தீர்ந்த பிறகும் பிரேக் வேலை செய்யும், ஆனால் கல்லை மிதிக்கிற மாதிரி பலம் கொடுக்க வேண்டும். பவர் ஸ்டீரிங்கும் கனத்துவிடும், இரண்டு கையாலும் திருப்புங்கள்.

வண்டி நகர்கிற வரை சாவியைக் கடைசி வரை பின்னால் திருப்பவே கூடாது, ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். ஹஸார்டு விளக்கைப் போட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து செல்ஃப் அடியுங்கள். கிளம்பவில்லையா, மீதி வேகத்திலேயே ஓரங்கட்டிவிடுங்கள். வாரம் இருமுறை நிற்கிற வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போகாதீர்கள். நூறு தடவை ஒன்றும் ஆகாது. லாரி பின்னால் வரும் அந்த ஒரு தடவைக்காகச் சொல்கிறேன்.

மெக்கானிக்கிட்ட கொண்டுபோனா சமத்தா ஓடுது. ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு 'ஒண்ணுமில்லையே'ன்னு திருப்பிக் குடுக்கிறாங்க. நான் என்ன செய்ய?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். நான் சொல்லும் பதில் ஒன்றே: வண்டியில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். குறை வெளிப்படும் அந்த ஐந்து விநாடி மெக்கானிக் கண்ணில் படவே படாது. சாட்சி நீங்கள் ஒருவர்தான். ஒவ்வொரு முறை நின்றதும், ஓரங்கட்டி மூச்சு வாங்கியபின், இதை எழுதுங்கள்: கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்தக் கியர், கிளட்ச் மிதித்திருந்ததா, கால் பிரேக்கில் இருந்ததா, ஏசி ஓடியதா, பெட்ரோல் முள் எங்கே, டெம்பரேச்சர் முள் எங்கே, ஆர்.பி.எம். முள் எப்படி விழுந்தது, முதல் செல்ஃபிலேயே கிளம்பியதா அல்லது எவ்வளவு நேரம் கழித்து.

ஐந்தாறு பதிவுகள் சேர்ந்தாலே ஒரு முகம் தெரியும். ஒரு ஆசிரியை கொண்டுவந்த நோட்டில் ஏழு பதிவு. ஏழிலும் 'பிரேக்: ஆமாம்' என்று இருந்தது. மூன்று மாதமாக பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று மாற்றிக்கொண்டிருந்த வண்டி. அதன் கதையைப் பிரேக் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். இன்னொருவர் நோட்டில் எல்லாமே மத்தியானம் ஒரு மணிக்கு மேல். இரண்டும் ஒரே புகார்தான், ஆனால் வேறு வேறு நோய். நோட்டைப் பார்க்காமல் பாகத்தை மாற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கன்னு சொல்றீங்க. அதுல என்ன தெரியும்?

நிறையவே தெரியும். பெரும்பாலான வண்டிகளில் அந்த முள்ளுக்கு உயிர் கொடுப்பது, இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரின் சிக்னல். கியரில், கிளட்சை மிதிக்காமல் உருளும்போது சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழ நியாயமே இல்லை. அப்படி விழுந்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் சுற்றுவதாகச் செய்தி வரவில்லை என்று பொருள். கிராங்க் சென்சார், அதன் கப்ளர் (வயரைச் செருகும் முனை), வயர் அல்லது கம்ப்யூட்டருக்குப் போகும் மெயின் கரன்ட் மீதுதான் சந்தேகம் போக வேண்டும்.

முள் 1000, 700, 500 என்று இறங்கி, நடுங்கி, அப்புறம் அணைந்தால் அது காற்று, பெட்ரோல் பக்கத்துக் குறை. 500க்கும் 1500க்கும் இடையே ஊஞ்சலாடிவிட்டு அணைந்தால் கம்ப்யூட்டர் பிடிக்க முயன்று தோற்கிறது. வேண்டாத காற்று புகும் வேக்கம் லீக்கோ, ஐடிலிங் காற்றைத் திறந்து மூடும் ஐடில் வால்வோ காரணமாக இருக்கலாம். டேஷ்போர்டே மொத்தமாக இருண்டு திரும்ப வந்தால் பேட்டரி டெர்மினல், எர்த் வயர், இக்னீஷன் சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி எல்லாம் கோத்த கொத்து ஒன்று கார்ச் சாவியில் தொங்கினால் சுவிட்சின் உள்ளே தொடுமுனை தேயும். ஸ்பீடு பிரேக்கரில் ஆடும்போது கரன்ட் அறுந்து வரும். இன்றே கழற்றிவிடுங்கள்.

நியூட்ரலில் உருளும்போது இந்தச் சோதனை செல்லாது. அங்கே எந்தக் காரணத்தால் நின்றாலும் முள் உடனே விழுந்துவிடும்.

கம்மி செலவுல முதல்ல எதைப் பார்க்கணும்?

காசே இல்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டைகளில் துரு இருந்தால் கழற்றித் தேய்த்து முறுக்குங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அதற்குப் பின்னால் திராட்டில் பாடி வரை போகும் தடித்த ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் வெடிப்பு ஒளிந்திருக்கும், நேராக இருக்கும்போது தெரியாது. எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தென்னை மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இதை அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது திராட்டில் பாடி சுத்தம். பட்டர்ஃப்ளையின் விளிம்பில் ஆயில் ஆவியும் கரியும் படிந்து, ஐடிலிங்குக்குக் காற்று போகும் மயிரிழை இடைவெளி அடைந்துபோகும். பழைய வகை வண்டிகளில் காற்றுக்கென்று தனி வழியும் அதைத் திறந்து மூடும் ஐடில் வால்வும் இருக்கும். அதுவும் கரியில் சிக்கும். காலை எடுத்ததும் அணையும் வண்டிகளில் இந்தச் சுத்தத்தோடு சரியாகிப்போவதுதான் என் அனுபவத்தில் மிக அதிகம்.

திராட்டில் பாடி க்ளீன் பண்ணினேன். முன்னைவிட மோசமாயிடுச்சே?

கரி படிந்த இடைவெளிக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் மெல்ல மெல்லத் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தது. இடைவெளி திடீரென்று திறந்ததும் அதன் பழைய கணக்கு பொய்த்துப்போகிறது. ஐடிலிங்கை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். சில வண்டிகள் ஒரு நாள் ஓட்டத்தில் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குக் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் கருவி வழியாகத்தான் செய்ய முடியும். முறை மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் வண்டிக்கு உரியதைச் செய்தீர்களா என்று பாருங்கள்.

கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் திராட்டிலாக இருந்தால் சாவி போட்ட நிலையில் தகட்டை விரலால் தள்ளவே கூடாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் கெடும், விரலும் நசுங்கும். க்ளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராகப் பீய்ச்சினால் சென்சார் பக்கம் ஊறிவிடும்.

பிரேக் மிதிச்சா மட்டும்தான் நிக்குது. மத்த நேரம் ஒண்ணுமில்ல. பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு தடித்த குழாய் அளவுக்குச் சம்பந்தம் இருக்கிறது. பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் தருவது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் இன்ஜினின் மேனிஃபோல்டு. அந்த ஹோஸிலோ, பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் திரையிலோ கிழிசல் இருந்தால், கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் நுழையும். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் வைத்த வண்டிகளில் கலவை உடனே மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், அணைந்துவிடும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் வண்டிகளில் முதலில் ஐடிலிங் ஏறும், பிறகு ஊசலாடும், அதன் பிறகே சில நேரம் நிற்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்தி பிரேக்கை நாலைந்து முறை மிதித்து வேக்கத்தைத் தீர்த்துவிட்டு, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலும், மிதித்துப் பிடிக்கும்போது காலடியில் 'உஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்டு ஐடிலிங் தடுமாறினாலும் பூஸ்டர் பக்கம் குறை இருக்கிறது. இது பிரேக் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

அந்த ஆசிரியையின் வண்டிக்கு வருகிறேன். சோதனையில் பூஸ்டர் நன்றாகவே இருந்தது, சத்தமும் இல்லை. ஏழு பதிவிலும் பிரேக் என்று எழுதியிருந்ததால் விட மனமில்லாமல் ஹோஸைக் கழற்றினோம். மேனிஃபோல்டு முனையில், கிளாம்புக்கு அடியில், ஒரு நகக்கண் நீளத்துக்கு வெடிப்பு. வண்டி நின்றிருக்கும்போது கிளாம்பு அதை மூடிவைத்திருந்தது. பிரேக் பிடித்ததும் இன்ஜின் முன்னால் சாயும், ஹோஸ் இழுபடும், வெடிப்பு வாய் திறக்கும். ஒரு முழ ஹோஸும் ஒரு கிளாம்பும் போட்டதோடு தீர்ந்தது. பின்பக்க இன்ஜின் மவுண்ட் தேய்ந்திருந்ததால்தான் அவ்வளவு சாய்ந்தது. அதையும் மாற்றினோம், இல்லையென்றால் புது ஹோஸும் கிழிந்திருக்கும். பிளக்கும் பம்பும் மாற்றச் செலவான பணத்தை நினைத்து அந்த அம்மா கண் கலங்கினார். இந்தப் பக்கத்தை எழுதவைத்தது அந்த நாள்தான்.

ஏசி போட்டா நிக்குது. ஏசி கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்றாங்களே?

கேஸ் தீர்ந்தால் கம்ப்ரஸர் சுமை குறையுமே தவிரக் கூடாது. ஏசி சுமை ஏறும்போது கம்ப்யூட்டர் கூடுதல் காற்று விட்டு ஐடிலிங்கை உயர்த்த வேண்டும். கரி அடைத்த திராட்டிலால் அது முடியவில்லை என்பதே பெரும்பாலும் கதை. ஏசியை நிறுத்தினால் சரியாகிறது என்று ஏசி கடைக்குப் போகாதீர்கள். செலவு குறைந்த வேலைகளில் சொன்னதை முதலில் முடியுங்கள். ஹைட்ராலிக் ஸ்டீரிங் வண்டி முழுதாகத் திருப்பும்போது அணைந்தாலும் இதே கணக்குதான்.

அதோடு ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். ஐடிலிங்கில் ஹெட்லைட்டும் ஏசியும் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12 பக்கம் விழுந்தால் சார்ஜ் ஆகவில்லை.

பெட்ரோல் பம்ப் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் மாற்றலாம். பார்க்காமல் சொன்னால் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் லைனில் 3 முதல் 3.5 பார் வரை அழுத்தம் இருக்கும். பம்ப் தளர்ந்தால் முதலில் தெரிவது மேட்டில் ஏறும்போதும் ஓவர்டேக் எடுக்கும்போதும்தான், ஏனென்றால் அப்போதுதான் பெட்ரோல் அதிகம் வேண்டும். மேட்டில் பாய்ந்து ஏறும் வண்டி காலை எடுத்ததும் அணைகிறது என்றால் பம்ப் மீது எனக்குச் சந்தேகம் கடைசியில்தான் வரும்.

பம்புக்குக் கரன்ட் தரும் ரிலேயும் கப்ளரும் தனி. அவை விட்டுவிட்டுப் போனால் எந்த வேகத்திலும் அணையும்.

பெட்ரோல் போட்டுட்டு பங்க்கை விட்டு வெளியே வந்ததும் திணறி நிக்குது. பெட்ரோல்ல தண்ணியா?

தண்ணீராக இருந்தால் அந்த டேங்க் தீரும்வரை தொந்தரவு இருக்கும். ஒவ்வொரு முறை நிரப்பியதும் பத்து நிமிடம் மட்டும் திணறுகிறது என்றால் பர்ஜ் வால்வைப் பாருங்கள். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி ஒரு கரி டப்பாவில் சேர்ந்து, இந்த வால்வு வழியாக இன்ஜினுக்குள் எரிக்கப் போகும். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் ஐடிலிங்கில் வேண்டாத ஆவி நுழைந்து கலவை கெடும்.

நாசில் தானே நின்ற பிறகும் 'ரவுண்டா போட்டுடுங்க' என்று மேலும் நிரப்புவது அந்தக் கரி டப்பாவுக்குள் பெட்ரோலையே ஊற்றுவதாக முடியும். முதல் 'டக்'கோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

காலையில எவ்வளவு தூரம் போனாலும் பிரச்சினையில்ல. உச்சி வெயில்ல ஒரு மணி நேரம் ஓடினா நிக்குது. அரை மணி ஆறினாதான் திரும்பக் கிளம்புது.

மேலே 'மத்தியானம் ஒரு மணி' நோட்டுக்காரர் இவர்தான். சூட்டில் செத்து, ஆறினால் பிழைப்பது கிராங்க் சென்சாரின் பழக்கம். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளோ சில்லோ சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறியபின் அளந்தால் எல்லாம் சரியாகக் காட்டும், அதுதான் ஏமாற்றுவது. சென்சாரை ஹேர் டிரையரால் சூடாக்கியபடி சிக்னலைப் பார்க்கும் மெக்கானிக் கெட்டிக்காரர். செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யமாகவே நின்றால் சந்தேகம் உறுதி. இக்னீஷன் காயிலும் மெயின் ரிலேயும் இதே மாதிரி நடந்துகொள்ளும், அதனால் பார்க்காமல் வாங்கிவிட வேண்டாம்.

சில நாள் ஸ்பீடோமீட்டர் முள்ளும் படுத்துக்குது. அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நல்ல கவனிப்பு. வண்டி உருள்கிறது என்று தெரிந்தால் சில கம்ப்யூட்டர்கள் ஐடிலிங்கைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருக்கும், இறங்கி ஊன்றுவதற்கு வசதியாக. அந்தச் செய்தியைத் தருவது ஸ்பீடு சென்சார். அது செத்தால் வண்டி நிற்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் தாங்கிப் பிடிக்காமல் விடும். நின்ற இடத்தில் ஐடிலிங் அருமையாக இருக்கும், உருளும்போது மட்டும் அணையும். பல பழைய மாடல்களில் சென்சார் கியர்பாக்ஸ் மேல் இருக்கும்; புதியவற்றில் ஏபிஎஸ் சக்கரச் சென்சாரே இந்த வேலையையும் பார்க்கிறது.

ஸ்கேன் போட்டாச்சு. எரர் கோடே இல்லைங்கிறாங்க. அப்போ வண்டி நல்லாயிருக்குன்னுதானே அர்த்தம்?

கம்ப்யூட்டர் தன் எல்லைக்கோட்டைத் தாண்டிய குறையை மட்டும்தான் எழுதிவைக்கும். வெடித்த ஹோஸ் ஒரு விநாடி வாய் திறந்து மூடுவது அதற்குத் தெரியாது. இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் வண்டி தன் குறையைத் தானே கண்டு பதிவுசெய்யும் ஓபிடி-2 முறை கட்டாயம் என்பதால் அதற்குப் பிந்தைய கார்களில் ஸ்டீரிங்குக்குக் கீழே 16 ஊசி சாக்கெட் இருக்கும். கோடைப் படிப்பதோடு நிறுத்தாமல் ஓடும் எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கியமானது ஃபியூல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. பத்துக்குள் ஏறி இறங்கினால் கவலையில்லை. ஐடிலிங்கில் பிளஸ் 20, 2500 ஆர்.பி.எம்.மில் ஏறக்குறைய பூஜ்யம் என்றால் எங்கோ காற்று புகுகிறது. காலை முழுதாக எடுத்தும் திராட்டில் சென்சார் மூடிய நிலையைக் காட்டவில்லை என்றால், கால் எடுத்த செய்தியே கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. இன்ஜின் சூடான பிறகும் இன்ஜின் சூட்டை அளக்கும் வாட்டர் சென்சார் 40 டிகிரி என்றால் அதுவும் பொய்.

கோடு இருந்தால் அழிக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள். 0335 கிராங்க் சென்சார், 0500 ஸ்பீடு சென்சார், 0505 ஐடில் கட்டுப்பாடு, 0171 மெலிந்த கலவை. பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் இந்தச் சாட்சியமெல்லாம் போய்விடும்.

என்னோடது கேஸ் வண்டி. பெட்ரோல்ல ஓட்டினா நிக்கிறதில்ல.

பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். குறை கேஸ் கிட் பக்கம்: ஃபில்டர் அடைப்பு, கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசரின் டயாஃப்ரம் (ரப்பர் திரை) தளர்வு, எல்பிஜியில் ரெடியூசருக்குள் சேரும் எண்ணெய்க் கசடு, டியூனிங். பெட்ரோலிலும் கேஸிலும் ஒரே மாதிரி அணைந்தால் மேலே சொன்ன பொதுக் காரணங்கள். நீண்ட காலம் கேஸிலேயே ஓடிய இன்ஜினில் வால்வு சீட் தேய்ந்து வால்வு இடைவெளி குறைந்துபோகும். வால்வு முழுதாக மூடாமல் ஐடிலிங்கில் கம்ப்ரஷன் கசியும், வேகத்தில் தெரியாது. டேப்பட் கிளியரன்ஸை, அதாவது அந்த வால்வு இடைவெளியை, அளந்து பாருங்கள்.

டீசல் வண்டிக்கும் இதே காரணம்தானா?

பெரும்பாலும் வேறு. காமன் ரெயில் டீசலில் காலை எடுத்ததும் அணைந்தால் ஹை பிரஷர் பம்பின் மேல் இருக்கும், டீசல் வரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு முதல் சந்தேகம். அழுக்கு டீசலில் அது சிக்கும், வரத்தைக் குறைத்த பிறகு திரும்பக் கூட்டத் தாமதிக்கும். ஃபில்டரில் தண்ணீர், லைனில் காற்றுக் கசிவு, மூடாமல் சிக்கிய இஜிஆர் வால்வு ஆகியவை அடுத்து. இஜிஆர் சிக்குவது பெட்ரோல் வண்டியிலும் நடக்கும்: எரிந்த புகையே திரும்ப உள்ளே வந்து ஐடிலிங்கை மூச்சுத்திணற வைக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டி. நிறுத்தப் போகும்போது யாரோ கிளட்சை விட்ட மாதிரி உதறி நிக்குது.

'உதறி' என்ற சொல்லே விடை. டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்கில் ஓடும்போது ஒரு லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். வேகம் குறையும்போது அது விடுபடாவிட்டால், கிளட்ச் மிதிக்காமல் நிறுத்திய மேனுவல் வண்டி மாதிரி உதறி அணையும். மேனுவல் கியர்பாக்ஸையே கருவி இயக்கும் ஏஎம்டியில் கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டர் தாமதித்தாலும் இதேதான். உதறாமல் மெல்ல அணைந்தால் இன்ஜின் பக்கம் வாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததுல இருந்துதான் இப்படி. அதுதானே காரணம்?

அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 20 சதவீத எத்தனாலில் கலவை சற்று மெலியும், ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் வேக்கம் லீக்கால் ஏற்கெனவே மெலிந்திருந்த வண்டிக்கு இது கூடுதல் சுமை. பழைய டேங்கில் படிந்த கசடையும் எத்தனால் கிளப்பிவிடும், ஃபில்டர் அடையும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலை வைத்திருக்காதீர்கள். பழைய மாடல் என்றால் ரப்பர் ஹோஸ்களை வருடம் ஒருமுறை பாருங்கள். குறை எதுவென்று தேடுவதை நிறுத்திவிட்டு எத்தனால் மேல் பழி போட்டால் ஹோஸ் வெடிப்பு அங்கேயே இருக்கும்.

வால்பாறையில இருந்து ஆழியார் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டேன். நடுவுல ஆஃப் ஆயிடுச்சு. உயிரே போயிடுச்சு.

நல்லபடியாக இறங்கினீர்களே, அதுவே பெரிது. முதல் கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: கியரில் உருளும்போது பெட்ரோல் செலவே இல்லை. நியூட்ரலில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் எரிகிறது. ஆகவே மிச்சம் ஒன்றும் கிடையாது, நஷ்டம்தான். கியரில் இருந்தால் இன்ஜின் அணைந்துபோனாலும் சக்கரம் அதைச் சுற்றவைக்கும், பூஸ்டருக்கு வேக்கம் கிடைத்துக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிரேக்கும் இருக்கும். நியூட்ரலில் மூன்றும் போய்விடும், மீதமிருப்பது இரண்டு மூன்று மிதி.

40 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தப் பாதையில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். உருளும்போது அணையும் பழக்கம் இருக்கும் வண்டியை, குறை தீரும்வரை மலைக்கே எடுக்காதீர்கள்.

டாக்ஸி ஓட்டுறேன். ஜிபிஎஸ் மாட்டினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. சென்சார் எல்லாம் புதுசு போட்டுட்டேன்.

வண்டியைத் தூரத்திலிருந்தே நிறுத்தும் வசதியோடு வரும் கருவிகள் பெட்ரோல் பம்ப் வயரையோ இக்னீஷன் வயரையோ அறுத்து நடுவே ஒரு ரிலே வைத்துச் சேர்க்கப்படுகின்றன. முறுக்கி டேப் சுற்றிய அந்த இணைப்பு தளர்ந்தால் குலுங்கும்போதெல்லாம் கரன்ட் அறும். ரிமோட் லாக், கூடுதல் ஹாரன், ஃபாக் லைட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெளியே மாட்டிய ஒவ்வொரு பொருளின் வயரையும் பின்தொடர்ந்து போய் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது வயர் கட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். நின்றால் இடம் கிடைத்துவிட்டது.

சுத்தம் பண்ணியாச்சு, ஹோஸ் பார்த்தாச்சு, சென்சாரும் மாத்தியாச்சு. இன்னும் மாசத்துக்கு ஒரு தடவை நிக்குது. இனி என்ன?

புதுப் பாகம் என்பதால் அது நல்ல பாகம் என்று நம்ப வேண்டாம். விலை குறைந்த கிராங்க் சென்சார் ஒன்று பெட்டியிலிருந்து எடுத்த நாளே சூட்டில் அணைந்ததைப் பார்த்திருக்கிறேன். பாகம் புதிது, கப்ளர் பழையது என்றும் நடக்கும். உள்ளே ஊசிகள் தளர்ந்து பச்சை பூத்திருக்கும். மாற்றும்போது அசைந்ததால் சில வாரம் சரியாக இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். நோட்டில் பாகம் மாற்றிய தேதியையும் எழுதுங்கள், இந்த ஒழுங்கு கண்ணில் படும்.

அடுத்து இன்ஜினையே பார்க்க வேண்டும்: நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், வால்வு இடைவெளி, டைமிங் செயின் தளர்வு. கண்ணுக்குத் தெரியாத காற்றுக் கசிவுக்கு மேனிஃபோல்டுக்குள் புகையை ஏற்றிப் பார்க்கும் கருவி இருக்கிறது, அது உள்ள பட்டறையாகத் தேடுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோலோ கார்ப் க்ளீனரோ தெளித்துக் கசிவு தேடுவதை வீட்டில் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னால், அதற்கு வரும் கரன்ட்டும் எர்த்தும் நிற்கும் அந்த நேரத்தில் சரியாக இருந்தனவா என்று பார்த்த அளவைக் காட்டச் சொல்லுங்கள். சின்ன புளூடூத் ஸ்கேனர் ஒன்றைப் போனோடு இணைத்து, ஓடும் எண்களைப் பதிவுசெய்தபடியே ஒரு மாதம் ஓட்டுங்கள். நிற்கும் முன்னுள்ள பத்து விநாடி அதில் விழுந்திருக்கும். அந்தப் பதிவையும் நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.